பெருக்கிய காடு

செவ்வாய்க் கோள், முதல் கூடாரக் காடு
நாள் 211, காலை 06:10

பதிவு செய்பவன் ஆவுடையப்பன். மண் ஆய்வாளன், இந்தக் கோளின் ஏகச் சக்கரவர்த்தி (பட்டம் நானே கொடுத்துக்கொண்டது). மரங்கள் 403. ஆக்சிஜன் 20.8 சதம். மண்ணில் நைட்ரஜன் கிலோவுக்கு 1.4 கிராம்.

வழக்கம்போலக் காட்டுத் தரையை வாரியலால் பெருக்கினேன். முளைத்த செடிகளைப் பிடுங்கினேன். கீழே இட்லி விழுந்தால் ஊதாமல் எடுத்துச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். சருகு பதினொரு மூட்டை. நடுப் பாதைக் கதவைத் திறந்து, பக்கத்துக் காட்டைப் பார்க்கும் ஜெபக்கனியின் இரண்டாம் கூடாரத்துக்குள் தள்ளிவிட்டேன். அவள் காடு எப்படியும் குப்பைமேடுதானே.

நாள் 239, காலை 10:25

பூமியிலிருந்து மாத மண் பட்டியல் வந்தது. நைட்ரஜனில் ஜெபக்கனி 2.6. முதலிடம். நான் 1.1. பதினேழு முறை படித்தேன், எண் மாறவில்லை. என் வயிற்றெரிச்சலில் கூடாரமே இரண்டு டிகிரி சூடாகியிருக்கும்.

திருட்டு உரம்! கேட்டு அனுப்பினேன். வந்த பதில்:

"உரமா? எல்லாம் உங்க சருகுதான் அண்ணாச்சி. மக்கி மண்ணாயிட்டு. அடியில கொழிஞ்சிச் செடி மண்டிக் கிடக்கு. அது காத்துல உள்ள நைட்ரஜனப் பிடிச்சு வேருல வச்சுக்கிடுது. நீங்க தரையப் பெருக்கிப் பெருக்கி மரத்தைப் பட்டினி போடுதீய. கொழிஞ்சி விதை தரட்டுமா?"

விதை தருகிறாளாம். முப்பது வருடம் மண்ணைத் தின்று வளர்ந்தவனுக்கு!

நாள் 240, காலை 07:00

பாதைக் கதவை வெல்டிங் வைத்து அடைத்தேன். என் சருகு ஒன்றுகூட இனி அவளுக்குப் போகாது. எரிமலையே வந்து முட்டினாலும் இந்தக் கதவு அசையாது. சருகு மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கினேன். தரையில் போடவில்லை. போட்டால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

நாள் 251, மதியம் 13:40

நைட்ரஜன் 0.7. வெறும் தரை பாளம் பாளமாக வெடிக்கிறது. பாய்ச்சுகிற தண்ணீர் மிச்சச் சத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. மருத மரங்கள் மஞ்சளாகி இலை கொட்டுகின்றன.

ஆக்சிஜன் 18.1. இவ்வளவு வேகமாக ஏன்? பழைய கணக்கைப் புரட்டினேன். என் காடு இரண்டு மாதமாகவே போதிய காற்று தரவில்லை. பற்றாக்குறையை நிரப்பியது கதவு இடுக்கு வழியே வந்த அவள் காற்று.

அவளுக்கு நான் குப்பை கொடுத்தேன். அவள் எனக்கு மூச்சு கொடுத்திருக்கிறாள். அதிலும் ஜெயித்துவிட்டாள், பாவி.

நாள் 258, காலை 08:15

ஆக்சிஜன் 12.3. தலை கனக்கிறது. வெளியே நடக்கும் உடுப்பு இரண்டும் அவள் பக்கத்துக் கிடங்கில். வெளிவாசலும் அந்தப் பக்கம் மட்டும்தான்.

அவளுக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். ஏழு நாள் சொல்லவில்லை. இன்று சொன்னேன்.

"ஏழு நாளா வாயத் தொறக்கலியே அண்ணாச்சி! நான் அறுத்துட்டுத்தான் இருக்கேன். என்ன வெல்டிங் இது, கொஞ்சங்கூட விட்டுக் கொடுக்க மாட்டேங்குது! பதினாலு மணி நேரம் ஆவும். அசையாமப் படுங்க. பேசாதீங்க."

வெல்டிங்கைப் பாராட்டினாள். அவள் வாயால் வந்த முதல் பாராட்டு.

நாள் 258, மாலை 16:50

11.0. கிடங்கிலிருந்த மூட்டைகளை அவிழ்த்து மருத மரத்தடியில் கொட்டினேன். மூன்று மூட்டைதான் முடிந்தது. சருகு மெத்தென்று இருக்கிறது. வாசம் நன்றாக இருக்கிறது. முன்னமே தெரிந்திருந்தால்

கதவில் அவள் ரம்பச் சத்தம். இன்னும் ஐந்தரை மணி நேரம் என்கிறாள்.

நாள் 258, 18:

9 புள்ளி ஏதோ. எழுத்து ஓடுகிறது.

உள்ளே வருபவர்க்கு. என்னைத் தூக்க வேண்டாம். என் எடை எழுபது கிலோ. அதில் நைட்ரஜன் இரண்டு கிலோவாவது இருக்கும். மேலே கொழிஞ்சி தூவுங்கள். அவள் விதையானாலும் பரவாயில்லை.

ஒரு வருடம் கழித்து இந்த இடத்தில் மண் எடுத்துப் பாருங்கள். 2.6க்கு மேலே வந்தால் பட்டியலில் என் பெயரை

ஜெபக்கனியிடம் நீங்களே சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் முகம் எப்படி