மார்த்தினிக் கடற்கரையில் உங்களை ஏசினேன்

என் அன்பு அண்ணைக்கு,

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதைச் சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

இந்த மார்ச் விடுமுறைக்கு அண்ணியையும் உங்கள் மகள் ஜெனியையும் கூட்டிக்கொண்டு குளிரே இல்லாத, பிரெஞ்சு பேசுகிற மார்த்தினிக் தீவுக்குப் போனேன். ஒவ்வொரு குளிர்காலமும் "பேந்து போவம்" என்று நீங்கள் தள்ளிப்போட்ட அதே பயணம். உங்களுக்கு எப்போதும் துறைமுகத்தில் உங்கள் லொறியில் ஏற்ற ஒரு கொண்டெயினர் இருந்தது. கடைசியில் அந்த லொறிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள்.

நாங்கள் போனது அமைதியான ஒரு கடற்கரைப் பூங்கா. அலையே இல்லை, கைக்குழந்தைகளைக்கூடத் தண்ணீரில் இருத்தியிருந்தார்கள். மர நிழலில் குடும்பங்கள் மீன் வாட்டிச் சாப்பிட்டன. ஜெனி பிரெஞ்சில் கதைத்து அரை மணித்தியாலத்தில் மூன்று சிநேகிதிகளைப் பிடித்துவிட்டாள். இதைப் பார்க்க உங்களுக்கு ஒரு கிழமை கிடைக்கவில்லையா?

இதை நான் வாய்விட்டுக் கேட்டதும் அண்ணி அழத் தொடங்கினார். நீங்கள் சாவதற்கு மூன்று மாதம் முன்பே, இதயக் குழாய் அடைத்திருக்கிறது, உடனே ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். குளிர் முடியட்டும் என்றீர்களாம்.

"உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர், மச்சாள்."

எனக்கு மட்டும். பதினொரு வருடமாக இருதய வார்டில் நேர்ஸாக நிற்கிற எனக்கு. நான் விடமாட்டேன், லொறியை எடுக்கவிடாமல் திறப்பைப் பறித்துவிட்டுக் கட்டிலில் கிடத்துவேன் என்று தெரிந்துதானே மறைத்தீர்கள்? எங்கள் அப்பாவும் நாற்பத்தெட்டு வயதில் இப்படித்தானே போனார்?

எழுந்து நின்று உங்களை ஏசினேன். கடலைப் பார்த்து, தமிழில், தொண்டை கிழிய. பக்கத்து மேசைக்காரர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போனார்கள். அண்ணியையும் விடவில்லை. "அவர் சொன்னா நீங்களும் வாயைப் பொத்துறதோ?" என்று கேட்டேன்.

சத்தம் கேட்டு ஜெனி ஈரத்தோடு ஓடிவந்தாள். "மாமி, அப்பாவுக்கு நெஞ்சு வருத்தமெண்டு அம்மாவுக்குத் தெரியுமோ?"

அண்ணி என் கையை இறுக்கினார். இல்லையென்று சொல்லியிருக்கலாம்.

"ஓம், தெரியும். ரெண்டு பேருக்கும் பயம்," என்றேன்.

அன்று முழுதும் அவள் தாயோடு கதைக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரத்தை ஏற்றிவைத்தது நீங்களா, நானா? மறுநாள் காலை அவளே அண்ணியின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போனாள். அண்ணி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கழுத்தளவுக்கு இறங்கினார். நான் கரையில் இருந்து பார்த்தேன்.

அண்ணியோடு சமாதானமாகிவிட்டேன். உங்களோடு ஆக இன்னும் நாள் எடுக்கும். ஜெனியின் நெஞ்சையும் சோதிப்பிக்க அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன். என்ன முடிவு வந்தாலும் அதை அவள் என் வாயால்தான் முதலில் கேட்பாள். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
ஸ்ரெலா