நடுவில் இருக்கும் ரெசிஸ்டர்

அன்புள்ள அண்ணே,

தாராவிக் கடையை மதினி மூடவில்லை. நீ விட்டுப்போன மிக்சிகளை எல்லாம் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டார். வீடுகளில் வயரிங் வேலையும் எடுக்க ஆசை. அதற்குச் சான்றிதழ் வேண்டும், செம்பூரில் பரீட்சை. உன் நோட்டை வைத்துப் படித்தார். அங்கேதான் வந்தது வினை.

எத்தனை ரெசிஸ்டர் இருந்தாலும் சீரிஸா, பேரலலா, அதாவது ஒன்றன்பின் ஒன்றா, பக்கம்பக்கமா என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும் என்று எழுதியிருந்தாய். அடுத்து ஒரு படம். கரண்டுக்கு இரண்டு பாதை, பாதைக்கு இரண்டு ரெசிஸ்டர். ஐந்தாவது அந்தப் பாதைகளை நடுவில் இணைக்கிறது. அது சீரிஸும் இல்லை, பேரலலும் இல்லை. நீ சிவப்பு மையில் தீர்ப்பு எழுதிவிட்டாய்: “நடுவுல கரண்ட் ஓடாது. தூக்கிப் போடு.”

பரீட்சையிலும் அதே மாதிரிப் படம், எண்கள் மட்டும் வேறு. மதினி நடுவில் இருந்ததைத் தூக்கிப் போட்டார். தேர்வாளர் தாளைப் பார்த்து, “மேடம், பீச்வாலா கிதர் கயா?” என்றாராம். நடுவில் இருந்தது எங்கே போயிற்று? “எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார்” என்று மதினி சொல்ல முடியுமா? ஃபெயில்.

“கொழுந்தனாரே, ஊர்த் தப்பையெல்லாம் பேப்பர்ல எழுதுதீயள்லா? இதுல என்ன தப்புன்னு கேட்டுட்டு வாங்க.”

மாட்டுங்காவில் ஒரு பேராசிரியரைப் பார்த்தேன். உன் படத்தில் மேலே 2, 4 ஓம். கீழே 3, 6. இரண்டு பாதையிலும் ஒரே விகிதம், அதனால் நடுவில் ஓடவில்லை. விகிதம் மாறினால் ஓடும். அப்போது உன் சேர்க்கிற வித்தை செல்லாது. ஒவ்வொரு சந்திப்பிலும் வரும் கரண்டும் போகும் கரண்டும் சமம் என்று கணக்குப் போட வேண்டும் என்றார்.

மதினிக்கு நம் வீட்டை வைத்தே விளக்கினேன். நீங்கள் இருவரும் பேசாமல் இருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா?

“ஏல, சாம்பார்ல உப்பு இல்லன்னு உங்க மதினிட்ட சொல்லு.”

“உப்பு டப்பா இருக்க இடம் தெரியாதான்னு உங்க அண்ணன்ட்ட கேளுங்க.”

மூன்று பேரும் ஒரே அறையில். இருவருக்கும் கோபம் சமமாக இருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஒரு பக்கம் கூடினால் எல்லாம் என் வழியாகத்தான் ஓடும்.

மதினி நோட்டை மூடினார். “உங்கள நடுவுல வச்சுக்கிட்டா அந்த மனுசன் நடுவுல ஒண்ணும் ஓடாதுன்னு எழுதி வச்சாரு?”

உனக்குத் தெரியவே இல்லையா அண்ணே?

இரண்டாம் முறை பாஸ். சான்றிதழ் மாலை போட்ட உன் போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உன் சிவப்பு வரியின் கீழே மதினி பென்சிலில் எழுதியிருக்கிறார்: “ரெண்டு பக்கமும் ஒத்துப்போனா மட்டும்.”

நேற்று அதை மாட்ட ஆணி அடித்துவிட்டு, பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். “உங்க அண்ணன்ட்ட சொல்லுங்க, நான் பாஸுன்னு.”

சொல்லிவிட்டேன். உன் பக்கத்திலிருந்து பதில் வராது. ஆனாலும் அவர் சொல்லச் சொல்வதையெல்லாம் உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பேன்.

இன்னமும் நடுவிலேயே இருக்கும்,
உன் தம்பி