பதினோரு அம்மாக்களும் ஒரு மாமாவும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அச்சகத்தில் நாள் முழுக்க ஊரார் எழுத்தைப் படித்துப் பிழை திருத்துகிறவள், தம்பி எழுத்தைப் படிக்கமாட்டாயா என்ன?

போன வாரம் அத்தான் இந்த வழியாக லாரியில் போகும்போது எட்டிப் பார்த்தார். உனக்கு ஆறாம் மாதம் என்று அவர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம் அக்கா. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே உனக்கு. ஜூன் மாதம் நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வாண்டுவைப் பக்கத்து வீட்டில் விடப் போகிறாயாமே. தாய்மாமன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது பக்கத்து வீடா?

உன் கோபம் தெரியும். அன்று எங்கள் வீட்டில் மேஜை விரிப்பைத் தொங்கவிட்டது நான். சூடான காபியை அதன் மேல் வைத்ததும் நான். குழந்தை விரிப்பைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஒன்றரை வயதுக் குழந்தை வேறென்ன செய்யும்? இன்னொரு ஒன்றரை வருஷமும் ஓடிவிட்டது. அவள் முகத்தைப் படத்தில்தான் பார்க்கிறேன்.

வாண்டுவை எங்களிடம் அனுப்பு அக்கா. என் வீட்டுக்காரியும் கேட்கிறாள்.

உன் தம்பி

* * *

மார்ச் 15

தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஒரு பக்கத்துக்குள் ஏழு பிழை. உன் தமிழ் வாத்தியார் பார்த்திருந்தால் வேலையை விட்டுப் போயிருப்பார்.

காபிக்காக நான் கோபப்படவில்லை. காபி என் வீட்டிலும் கொட்டும். நீ என்ன செய்தாய்? குழந்தையின் கையில் பற்பசையைத் தடவினாய், அதன் மேல் ஐஸ் கட்டியை வைத்தாய். "உடனே குழாய்த் தண்ணீர்ல இருபது நிமிஷம் காட்டியிருந்தா இவ்வளவு ஆழமாப் போயிருக்காதும்மா" என்று டாக்டர் சொன்னபோது நான்தான் தலைகுனிந்து நின்றேன். சரி, அதுவும் தெரியாமல் செய்தது.

ஆனால் போனில் என்ன சொன்னாய்? "ஒண்ணும் இல்லக்கா, லேசாச் சிவந்திருக்கு." நான் அதை நம்பி வேலையை முடித்துவிட்டு நிதானமாக வந்தேன். வந்து பார்த்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம். என் குழந்தை துடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் நான் அச்சகத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கால்தான் வீங்குகிறது. வாண்டு இப்போது தானே சட்டை மாட்டிக்கொள்கிறாள், பித்தான் மட்டும் ஒரு படி தள்ளிப் போகிறது. அவளை அனுப்புவதாக இல்லை. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

* * *

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பயத்தில் வாய் அப்படிப் பேசிவிட்டது. நான் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜனவரியிலிருந்து சனிக்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் முதலுதவி வகுப்புக்குப் போகிறேன். சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கான வகுப்பு. பதினோரு அம்மாக்கள், ஆம்பளை நான் ஒருத்தன். முதல் நாள் நர்ஸம்மா கேட்டார், "உங்க குழந்தைக்கு எத்தனை மாசம்?" "எனக்கு இன்னும் இல்லீங்க. அக்கா குழந்தைக்காக வந்தேன்" என்றேன். ஒரு அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டு எனக்கு இடம் கொடுத்தார். ரப்பர் பொம்மையை மடியில் கவிழ்த்து முதுகில் தட்டச் சொன்னபோது நான் அதைத் தாலாட்டுவது மாதிரித் தட்டியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் செய்துகாட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

"வீட்டுல முழங்கால் போட்டு ஒரு சுத்து வாங்க. குழந்தை கண்ணுக்கு என்ன தெரியுதோ அது உங்களுக்கும் தெரியும்" என்றார் நர்ஸம்மா. தவழ்ந்தேன் அக்கா. கட்டிலுக்கடியில் வீட்டுக்காரியின் தலைவலி மாத்திரை ஒன்று. சோபாவுக்கடியில் பொத்தான் அளவு பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கினால் தொண்டையே வெந்துவிடுமாம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். குளியலறையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். வாளித் தண்ணீர்தானே என்று இருந்துவிடக் கூடாது, கவிழ்த்துவைக்க வேண்டும். "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. "புத்தியை" என்றேன்.

அலமாரி பொருத்துவதுதான் என் தொழில். ஆனால் குழந்தை இழுப்பறையைப் படியாக்கி ஏறினால் அலமாரியே அதன் மேல் சாயும் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிட்டேன். வேலைக்குப் போகிற வீடுகளில் குழந்தை இருந்தால் கேட்காமலே அதையும் செய்துவிட்டு வருகிறேன்.

அனுப்பு என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்.

தம்பி

* * *

ஏப்ரல் 14

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று லாரிக்கு லீவு. ஏழு மாத வயிற்றோடு நான் தவழ முடியாது என்பதால் உன் அத்தானைத் தவழவிட்டேன். வாண்டு முதுகில் ஏறி உட்கார்ந்து ஓட்டினாள். அடுப்படியில் கீழ்த்தட்டிலேயே, அவள் கைக்கெட்டும் இடத்தில், காய்ச்சல் மருந்துப் புட்டி இருந்தது. மூடியும் சரியாகத் திருகவில்லை. வைத்தது நான்தான். உனக்கு உபதேசம் செய்கிறவள் வீட்டு லட்சணம் இது. இப்போது மேல் தட்டில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

வகுப்புக்குப் போனது நல்ல காரியம். உன் அத்தானும் சொன்னார்.

ஆனால் பொம்மையைத் தட்டுவது வேறு, வாண்டு வேறு. வகுப்பில் முதலுதவி கற்றுக்கொடுப்பார்கள். காரியம் கெட்டுப்போன நிமிஷத்தில் வாய் என்ன சொல்லும் என்பதை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

* * *

மே 9

அக்கா,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் படுக்கையறை அலமாரி வேலை. அங்கே ஒன்றரை வயதுப் பையன். திருகாணித் தலையை மூடுவதற்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள் உண்டு, பட்டாணி அளவு. பொட்டலத்தைப் பிரித்துப் பையின் மேலேயே வைத்திருந்தேன். கதவைத் தூக்கும்போது கால் பட்டுச் சிதறிவிட்டது. பொறுக்கினேன். எண்ணவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து அந்த அம்மா அலறினார். பையனுக்குச் சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர் அவன் வாய்க்குள் விரலைவிடப் போனார். "விரலை விடாதீங்க, இன்னும் உள்ளே போயிடும்! எங்கிட்டக் கொடுங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க!" என்றேன். மடியில் தலை கீழே சாய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வரவில்லை. நான்காவது தட்டில் தரையில் டக்கென்று விழுந்தது. பையன் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெய்வம் மாதிரி வந்தீங்க, என்னத்தை வாயில போட்டானோ, இவன் பொம்மை எதுவோ தெரியலையே" என்று அழுதார். மூடி என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. காலை அதன் மேல் வைத்தால் போதும்.

குனிந்து எடுத்து நீட்டினேன். "இது என்னோடதும்மா. என் பையிலிருந்து சிதறினது. நான் சரியா எண்ணிப் பொறுக்கலை. தப்பு என் பேர்லதான். இப்ப நல்லா இருக்கான், ஆனாலும் டாக்டர் ஒரு தடவை பாத்துடணும்" என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் பேசினார். நான் நின்று கேட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, பையனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னை ஒரு மாதத்துக்கு வீடுகளுக்கு அனுப்பப்போவதில்லை, பட்டறையில்தான் வேலை. என் சாமான்களை இனி மூடி போட்ட டப்பாவில்தான் கொண்டுபோவேன், எண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன்.

இதைப் படித்த பிறகு வாண்டுவை அனுப்பும் எண்ணம் கொஞ்சநஞ்சம் இருந்திருந்தாலும் போய்விடும். போகட்டும். வேறு யார் வாயாலும் இது உன் காதுக்கு வந்துவிடக் கூடாது அக்கா.

தம்பி

* * *

மே 17

என் தம்பிக்கு,

கடிதத்தை அச்சகத்தில் வைத்துத்தான் பிரித்தேன். பாதியில் "ஐயோ" என்று கத்திவிட்டேன். என்னவோ ஏதோ என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலிலிருந்து அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "யாரும்மா இது?" என்றார் மேலாளர். "என் கூடப் பிறந்தவன்" என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் அதைத் தலை நிமிர்ந்து சொன்னேன்.

உயிரைக் காப்பாற்றினாய், பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் காலைத் தூக்கி மூடியின் மேல் வைக்காமல் குனிந்தாயே, அதுதான்டா எனக்குப் பெரிசு. அந்த அம்மா திட்டட்டும், பெற்றவள் அப்படித்தான் திட்டுவாள். நானும் திட்டினேன். ஒரு நாள் அவருக்கும் புரியும்.

டாக்டர் ஜூன் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறார். பத்தாம் தேதி காலையில் உன் அத்தான் வாண்டுவை அங்கே கொண்டுவந்து விடுவார். பத்து நாளாவது இருப்பாள். மாடிப்படியில் கையைப் பிடித்தால் உதறுவாள், விடாதே. விழுந்தால், அடிபட்டால், உடனே போன் செய். எப்படி இருக்கிறதோ அப்படியே சொல். நான் எடுப்பேன்.

நேற்று அவளை மடியில் வைத்து, "மாமா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டேன். யோசித்தாள். "மாமாவுக்கு என்னைப் பாத்துக்கத் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன்.

அன்புடன்,
அக்கா