சால்வை ஓரத்து விளக்கு

மார்ச் 3
இன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான், என் கணவர், நாத்தனார், கீழ்வீட்டு ரேடியோ மெக்கானிக். நடுவில் மகளுக்காக நான் பூத்தையல் போடும் ஸ்வெட்டர். அவள் கோபித்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய் ஏழு மாதம். என் போனை எடுப்பதில்லை.

ஸ்வெட்டர் கைமுனையில், மின்சாரம் ஓடும் நூலால் ஒரு பூ. அவள் அதை அழுத்தினால் அவள் போன் என் போனுக்குச் சொல்லும். என் சால்வை ஓரத்தில், அதே நூலில் தைத்த இலைகளுக்கு நடுவே, சின்ன விளக்கு எரியும்.

"அண்ணி, ஒரு போன்ல முடியறதுக்கு இவ்வளவு பாடா?"

"எடுத்தாத்தானே?"

"சரி, உங்க பக்கம் பட்டன் எங்க?"

வைக்கவில்லை. "உனக்குப் பேச மட்டுந்தாம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனவள். இந்தத் தடவை அவள் சொல்லட்டும்.

மார்ச் 5
காலைப் பிரார்த்தனை முடித்துக் கண்ணைத் திறக்கிறேன், விளக்கு எரிகிறது! ஸ்வெட்டரோ இன்னும் அலமாரியில். ஆண்டவனே, நீயா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மெக்கானிக் சால்வையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆண்டவன் இல்லம்மா, உங்க நூலுதான்."

ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு நூலை வெட்டாமல் பின்பக்கமாகவே இழுத்துப் போவது என் பழக்கம். இந்த நூலில் அது ஆகாது. இரண்டு இழை தொட்டால் தானாக எரியுமாம். 184 தையலையும் பிரித்தேன்.

மார்ச் 6
மறுபடியும் தைத்து, ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக முடிந்து வெட்டினேன். 184. சரி.

மார்ச் 9
நாத்தனார் என் மகள் இருக்கும் ஊருக்குப் புறப்பட்டாள். ஸ்வெட்டரோடு வைக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் அறிவுரை ஒரு பக்கம் ஓடிவிட்டது. கிழித்தேன். 'பேட்டரியைக் கழற்றிவிட்டுத் துவை.' அவ்வளவுதான்.

மார்ச் 12
நாத்தனார் போனில்: "வாங்கிட்டா அண்ணி. போட்டுப் பாக்கல. ஸ்வெட்டரை அவ போனோட நான்தான் சேத்துவிட்டேன். வேணாம்னும் சொல்லல."

மார்ச் 15
எரியவில்லை.

மார்ச் 16
இல்லை.

மார்ச் 21
"இந்த வெயில்ல சால்வையா? பாக்கிறவங்க காய்ச்சல்னு நினைக்கப் போறாங்க" என்கிறார் என் கணவர். ஆனால் பேட்டரியை மறக்காமல் சார்ஜ் போடுவதும் அவர்தான். ஏன் இன்னும் அழுத்தவில்லை? பெட்டியிலேயே கிடக்கிறதோ? ஆண்டவனே, அந்த ஊர்க் குளிருக்காவது போட்டுக்கக் கூடாதா அவ?

மார்ச் 24
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எரிந்தது.

ஈரக்கையோடு சால்வையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். ஓர் இழைகூட இன்னொன்றைத் தொடவில்லை.

மறுபடியும் எரிந்தது. அணையவே இல்லை. அறுபத்தேழு வரை எண்ணினேன். அப்புறம் எண்ண முடியவில்லை.

செய்தி எழுதினேன். சாப்பிட்டியா, ஏன் இத்தனை நாள், உடம்பு எப்படி... எல்லாவற்றையும் அழித்தேன். மிச்சம் வைத்து அனுப்பியது இதுதான்:

"விளக்கு எரிஞ்சுது. நீ சொல்லு, நான் கேக்கறேன். சீக்கிரம் பதில் போடும்மா."