நீலக் கேற் வீட்டுக்கு வழி

கண்டி,
20.01.2009

அன்புள்ள கமலாசனி,

நீயும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் இருக்கிறோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டெலிபோனும் இணையமும் உள்ள கொமியூனிகேசன் கடை வைத்திருக்கும் பஹ்மி நானாவின் மகள் றலியா கல்யாணம் முடித்து ரொறன்ரோ வருகிறாள். அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. டெலிபோனில் சொல்லப் பயமாக இருக்கிறது. நீயும் தனியாக இருந்து வாசி.

உன் கடிதம் கிடைத்தது. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், தம்பி சோதியின் வழக்குக்கு லோயருக்கு அனுப்ப வழி தெரியவில்லை, நீ இணையத்தில் எழுதி உழைக்கிறாயே, எனக்கும் சொல்லித் தா என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சோதிலிங்கம் பிடிபட்டது என்னால். ஒன்பது கிழமையாக இதை உனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கமாட்டேன். ஆனால் முதலில் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

அந்த அமெரிக்க இணையத்தளம் காசு கொடுத்து வாங்குகிற செய்முறைக் கட்டுரை ஒன்றும் பெரிய வித்தையில்லை, பயப்படாதே. பள்ளிக்கூடத்தில் என்னைவிட உனக்குத்தான் இங்கிலிஷ் ஓடும். நான் உன் கொப்பியைப் பார்த்து எழுதினவள். உன் கைக்குப் பழகின வேலையைப் பற்றி மட்டும் எழுது. நான் முதலில் பெரிய ஆள் மாதிரி, பங்குச் சந்தையில் காசு போடுவது எப்படி என்று எழுதி அனுப்பினேன். எனக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாளில் திரும்பி வந்தது. பிறகு, பலாக்காய் வெட்டின கையில் ஒட்டின பாலைத் தேங்காயெண்ணெய் பூசி எடுப்பது எப்படி என்று எழுதினேன். மாதக்கணக்காக ஆட்கள் அதை வாசித்தார்கள். அமெரிக்காவில் இவ்வளவு பேர் பலாக்காய் வெட்டுகிறார்கள் என்று யார் கண்டது!

அழகான தலைப்பு வைக்காதே. தேடுகிறவன் என்ன சொல்லைத் தட்டுவானோ அதையே வை. தேயிலைத் தூளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, அவ்வளவுதான். என் கணவருடைய கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் புசல்லாவையிலிருந்து கொண்டுவந்து தந்த தூளை வைத்து அதை எழுதினேன். ஒரு படியில் ஒரு வேலையை மட்டும் சொல்லு. மற்றவர்கள் எழுதினதைப் பார்த்து எழுதாதே, எப்படியும் பிடித்துவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் கோபிக்காமல் திருத்தி அனுப்பு. ஒரு கட்டுரையால் ஒருவரும் பணக்காரர் ஆவதில்லை. கிழமைக்கு மூன்று நாலு எழுதினால்தான் வீட்டுச் செலவுக்கு ஏதோ ஒத்தாசையாக இருக்கும். அந்தக் காசு இலங்கைக்கு நேரே வராதபடியால்தான் எனக்கு வந்ததெல்லாம் உன் கணக்குக்கு வந்து, நீ அனுப்பி வைத்தாய். உனக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

அவர்களுக்கு இன்னொரு விதி இருக்கிறது. வாசிக்கிறவர் வேறு ஒருவரையும் கேட்காமல் வேலையைச் செய்து முடிக்கக்கூடியதாக எழுதவேண்டும். நல்ல விதி என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வருடம் மார்ச்சில் சோதி வவுனியாவிலிருந்து வந்து இறங்கினபோது, நீ அவனைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவல் முடியும்வரை அவனுக்கு ஓர் அறை தேடி நான்தானே கூட்டிக்கொண்டு திரிந்தேன். வடக்கு விலாசம் போட்ட அடையாள அட்டையைக் கண்டாலே வீட்டுக்காரர்கள் பின்வாங்குகிற காலம். கடைசியில் மஹய்யாவையில் பாலாம்பிகை அக்கா, வாங்க தம்பி, பதிவெல்லாம் பொறவு பாத்துக்கலாம், மொதல்ல சாப்பிடுங்க என்று உள்ளே கூப்பிட்டார். வடக்கிலிருந்து வந்தவரைப் பொலிசில் பதியாமல் வைத்திருப்பது குற்றம், அப்படியிருந்தும் நாலு நாள் பதியாமல் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் தானே கூட்டிக்கொண்டுபோய்ப் பொலிசில் பதிந்தார்.

அந்த அலைச்சலை வீணாக்குவானேன் என்று, வடக்கிலிருந்து கண்டிக்கு வருகிறவர் தங்க இடம் தேடுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினேன். வருகிற சனத்துக்கும் உதவி, எனக்கும் ஒரு கட்டுரை ஆகும் என்ற நினைப்பு. திருப்பி அனுப்பினார்கள். ஆறாவது படியில், நல்ல மனமுள்ள வீட்டுக்காரர் ஒருவரைப் பிடியுங்கள் என்று எழுதியிருந்தேன். எப்படிப் பிடிப்பது, தெளிவில்லை என்று கேட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து தெளிவாக்கினேன். குட்செட்டில் எந்த பஸ் ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனையாவது ஒழுங்கை, வாசலில் நீலக் கேற், முதல் நாலு நாள் பதிவு கேட்கமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அக்காவின் பேரை மட்டும் எழுதவில்லை. பேர் இல்லாவிட்டால் போதும் என்று நினைத்த என் மண்டையை என்ன செய்ய! அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வந்த காசும் உன் கையால்தான் எனக்கு வந்தது.

இப்போது யோசித்தால் விளங்குகிறது. மஹய்யாவையில் ஒருவர் வீடு தேடி வந்தால் நாலு கடையில் கேட்கவேண்டும். நாலு பேர் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வழி சொல்லுவார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் காவலாக இருந்தது. அந்தக் காவலை நான்தான் எடுத்துவிட்டேன்.

பெருமை தாங்காமல் பஹ்மி நானாவின் கடையில் கட்டுரையை அச்செடுத்துச் சோதிக்கும் ஒன்று கொடுத்தேன். என்னை வைச்சு உழைக்கிறியளோ அக்கா என்று சிரித்துவிட்டு, இங்கிலிஷ் கொப்பிக்குள் மடித்து வைத்தான்.

நவம்பரில் ஆமியும் பொலிசும் மஹய்யாவையைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். சோதியிடம் அடையாள அட்டை, பதிவு, உன் கடிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. விட்டுவிட்டுப் போகப்போகிற நேரத்தில் கொப்பிக்குள்ளிருந்து அந்தத் தாள் விழுந்திருக்கிறது. எழுதினவர் பேர் அதில் அச்சாகவில்லை. யார் எழுதினது என்று கேட்டார்களாம். பஸ் நிலையத்தில் கிடந்து எடுத்தேன் என்றானாம் உன் தம்பி. எத்தனை தரம் கேட்டும் அதையேதான் சொன்னானாம். இன்றைக்கும் அதையேதான் சொல்லுகிறான். எழுதினவன் அவன்தான், ஆட்களைக் கொண்டுவந்து ஒளித்து வைப்பதற்கு எழுதினான் என்று சந்தேகப்பட்டுக் கொழும்பில் வைத்திருக்கிறார்கள்.

பாலாம்பிகை அக்காவையும் ஒரு பகல் முழுக்க வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். இதெல்லாம் நடந்த விதத்தை அவர்தான் எனக்குச் சொன்னார், கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. இப்ப யாரையும் உள்ள விடுறதில்லைங்க டீச்சர், கோவிச்சுக்காதீங்க என்றார். எழுதினது நான் என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமலே வந்துவிட்டேன்.

அங்கிருந்து திரும்பினவள் என்ன செய்தேன் தெரியுமா? நேரே பஹ்மி நானாவின் கடைக்குப் போய் அந்தக் கட்டுரையை அழித்தேன். அதோடு நிற்காமல் நான் எழுதின எல்லாவற்றையும் அழித்து அந்த இணையத்தளத்தில் இருந்த என் கணக்கையும் மூடினேன். அப்படிச் செய்தால் நான் தப்பிவிடுவேன் என்று நினைத்தேன். சோதியை அந்த நேரம் நினைக்கவில்லை, கமலா. உண்மையாகவே நினைக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் எடுத்தது.

போன கிழமை லோயர் பளீலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்க வந்து நான்தான் எழுதினேன் என்று சொன்னா மட்டும் காணாது, பொடியனைக் காப்பாத்தச் சொல்றீங்கன்னுதான் நெனைப்பாங்க, காசுக்கு எழுதினதுன்னு காட்ட ஏதாவது கடதாசி இருக்கா என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. நானே அழித்துவிட்டேன். உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் இவரிடம் சொன்னபோது, இரண்டு பிள்ளையளை வைச்சுக்கொண்டு நீர் அங்கை போய் நிக்கப்போறீரோ என்று ஒரே ஒரு தரம் கேட்டார். மூன்றாம் நாள் பளீலின் ஃபக்ஸ் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அந்தத் தாளை இதற்குள் வைத்திருக்கிறேன்.

இனி நீ செய்யவேண்டியது. எனக்குக் காசு வந்த உன் கணக்கைத் திற. போன வருடம் ஜூன் மாதத்துக்குப் போ. கட்டுரைக்கு ஒன்றாக அவர்கள் உனக்கு ஈமெயில் அனுப்பியிருப்பார்கள். அதில் கட்டுரையின் தலைப்பு, திகதி, எழுதினவரின் பேர் மூன்றும் இருக்கும். கண்டியில் தங்க இடம் என்று இருப்பதை அச்செடு. அதற்கு முன்னும் பின்னும் வந்த பலாக்காய், தேயிலை எல்லாவற்றையும் சேர்த்து எடு. எழுதினது வீட்டுச் செலவுக்கு எழுதுகிற ஒரு டீச்சர் என்று அவர்கள் பார்க்கட்டும். என் பேரை மறைக்காதே. என் பிள்ளைகளை நினைத்து ஒன்றையும் விட்டுவிடாதே. எல்லாவற்றையும் அந்த இலக்கத்துக்கு அனுப்பு. கிடைத்த அடுத்த நாள் பளீலோடு நான் கொழும்புக்குப் போகிறேன்.

அதற்குப் பிறகு நீயும் எழுது, எழுதாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. எதையும் எழுது. இன்னொருவருடைய வாசற்படியை மட்டும் எழுதாதே.

இதை வாசித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுத் திட்டவேண்டும் போல இருக்கும். திட்டு. எவ்வளவு நேரமானாலும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும், அந்தக் கடதாசிகளை அனுப்பிவிட்டு டெலிபோன் எடு.

இப்படிக்கு,
உன் தம்பி இன்னமும் பேர் சொல்லாமல் இருக்கும்
சத்தியபாமா