தைக்காத பக்கங்கள்

அக்கா,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லி முடித்தால்தான் புத்தகப் பேச்சு என்பது நீங்கள் போட்ட சட்டம். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது என்பதற்காக அதை மாற்ற வேண்டியதில்லை.

பெரியவனின் மூத்த மகள் நர்ஸ் படிப்பை முடித்துத் தருமபுரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அவள் தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கே முதல். இப்போது சேலத்தில் என்ஜினீயரிங். மகள் வீட்டுப் பையன் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறான். சந்தையில் அவன் கன்று என்றால் கேட்டு வாங்குகிறார்கள். பேத்திகளில் கடைக்குட்டி மலர் என்னோடுதான் இருக்கிறாள், பதினொன்றாவது. கோகோ ஆட்டத்தில் மாவட்ட அணிக்கு எடுத்திருக்கிறார்கள். கோப்பை டிவிக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் காட்டவில்லை. அவர்களாகவே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.

இந்நேரம் நீங்கள், "முடிஞ்சுதா? இல்ல, கட்டுத்தரையில கன்னுக்குட்டி எதுனா பாஸ் பண்ணியிருக்குதா?" என்று கேட்டிருப்பீர்கள். முடிந்தது.

இந்த மடலை ஓசூரில் இருக்கும் உங்கள் மகள் நஸ்ரின் விலாசத்துக்குத்தான் அனுப்பப் போகிறேன். வேறு எங்கே அனுப்புவது? அவள் படிக்கட்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மடியில் இருக்கும் நூலகத்து நாவல். எடுத்துவந்த அன்று கட்டைவிரலை வைத்து முதலிலிருந்து கடைசிவரை பக்கங்களை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் நிற்காமல் ஓடியது. வாசமும் வெறும் காகித வாசம்தான். நீங்கள் கொடுக்கும் புத்தகத்தில் தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடிக்கும். நடுவில் எங்காவது சில பக்கங்கள் சேர்ந்துகொண்டு விரலை நிறுத்தும்.

நஸ்ரினுக்கு இது தெரியுமோ தெரியாதோ, அவளுக்காகச் சொல்கிறேன். காரிமங்கலத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உங்கள் வீட்டுக்காரரின் தையல் கடை. பெண்களுக்கு அளவெடுப்பதும் தைப்பதும் நீங்கள். என் சின்னவனுக்கு முதல் சட்டை தைத்ததும் நீங்கள்தான். ஐந்து வயதில் காய்ச்சலில் அவன் போன பிறகு நான் வெகு காலம் ஊரைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு சந்தை நாளில் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிளை நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு கதைப் புத்தகத்தை என் பைக்குள் போட்டீர்கள்.

"அஞ்சாவது படிச்சவளுக்கு இம்மாம் பெரிய புஸ்தகமாங்க்கா?"

"நான் எட்டாவது. அந்த மூணு வருசத்துல எனக்கு கதை படிக்கவா சொல்லிக் குடுத்தாங்க? போ சரசு, அடுத்த சந்தைக்கு வரப்ப குடு."

அந்தப் புத்தகத்தின் நடுவில் சில பக்கங்களைச் சேர்த்து ஓரத்தில் வெள்ளை நூலால் தைத்திருந்தது. மெஷினில் போடுவதற்கு முன்னால் துணியைச் சேர்த்துப் பிடிக்க நீளநீளமாக ஓட்டுவீர்களே, அந்தத் தையல்.

"இது என்னாங்க்கா, தெச்சி வெச்சிருக்குது?"

"அதுல ஒண்ணுமில்ல. மழ பெய்யுது, காடு பச்சையா இருக்குது. தாண்டிப் படி."

இன்னும் சில புத்தகங்கள் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. தையலுக்கு முந்தின பக்கத்தில் ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். தையலுக்குப் பிந்தின பக்கத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சே இருக்காது. விளங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இழுத்தால் வந்துவிடும் நூல்தான். நான் இழுத்ததில்லை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், பிளேடால் வெட்டி நூலை உருவிவிட்டு நூலகத்தில் சேர்ப்பீர்கள்.

ஒரு துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்தையே தைத்துவிட்டீர்கள். கொலையானது ஒரு பையன். யாரைப் பிடித்தார்கள் என்று தெரியாமலே எனக்குப் புத்தகம் முடிந்துபோனது.

"கொன்னது யாருங்க்கா?"

"கம்பவுண்டர்."

"ஏன் கொன்னான்?"

"கம்பவுண்டர்னு சொன்னனில்ல, வுடு. ஜாக்கெட்டுக்குக் கொக்கி முன்னால வெக்கறதா, பின்னால வெக்கறதா?"

அவன் ஏன் கொன்றான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருமுறை நூலை உருவ மறந்து நூலகத்தில் கொடுத்துவிட்டீர்கள். அடுத்து அதை எடுத்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நாம் இரண்டு பேரும் உள்ளே நுழைந்தபோது அவர் மேசைமேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"லைப்ரரி புஸ்தகம்மா இது, பாவாடையா?" என்றார் நூலகர்.

"பக்கம் கழண்டு வந்துச்சிங்க சார். பாவம்னு தெச்சி வெச்சன்."

"கழண்டா முதுகுப் பக்கமில்ல தெக்கணும்? வாய்ப் பக்கம் தெச்சி வெச்சிருக்குது!" என்று குதித்தார் போஸ்ட்மாஸ்டர்.

"கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க," என்றீர்கள், கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கும் நீங்கள். வெளியே வந்து சிரித்த சிரிப்பில் நான் பஸ்ஸை விட்டேன்.

பக்கங்களை மூடினீர்களே தவிர வாயை மூடச் சொன்னதில்லை. புத்தகம் முடிந்தால் சண்டை உண்டு. புருஷனை விட்டுப் போன ஒருத்தியின் கதையில் அவள் போனது சரி என்றீர்கள். பால் கறக்கிற மாட்டையும் விட்டுவிட்டுப் போனாளே, அது என்ன கெட்டிக்காரத்தனம் என்றேன் நான். "யா அல்லா, இவளுக்கு மாடுதான் கவலை," என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். இன்னொரு பஸ்ஸும் போனது.

கடைசியாக நீங்கள் கொடுத்த புத்தகத்தில் தையல் கோணலாகப் போயிருந்தது. உங்களுக்குக் கண் மங்கிவிட்டதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் இல்லை. மலரிடம் நூலை உருவச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். உருவும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை.

அதற்கப்புறம் நூலகத்துக்கு நானே போக வேண்டியதாயிற்று. முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர ஆள் இல்லை. யோசித்துப் பார்த்து, பிள்ளைகளே வராத புத்தகமாக எடுத்தேன்.

முதலில் எடுத்தது, இமயமலையில் தனியாக நடந்த ஒருவர் எழுதிய பயணப் புத்தகம். பனியும் பாறையும் ஆறும் கண்ணிலேயே நிற்கின்றன, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தங்கிய ஒவ்வொரு வீட்டிலும் "சூடாக ரொட்டி வந்தது" என்று எழுதுகிறார். தானாகவா வரும்? சுட்டவள் பெயரை ஒரு வீட்டிலாவது கேட்டிருக்கலாம்.

அடுத்தது ஒரு டாக்டர் எழுதிய சிறுதானியச் சமையல். களியை அவரே கண்டுபிடித்த மாதிரி முன்னுரை. சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் அதில் சொன்னபடி சாமைப் பாயசம் வைத்தேன். நன்றாக வந்தது, மறுபடியும் வைத்தேன். அவரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டாம். தாள்தான் வழவழ என்று இருக்கிறது. ஆவி பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அடுப்படியில் வைக்க முடியாத சமையல் புத்தகம்.

முதியோர் இல்லத்தில் நடக்கும் ஒரு கொலைக் கதையும் படித்தேன். செத்தவருக்கு எண்பது வயது, எனக்கு நிம்மதி. மேனேஜர்தான் கொன்றார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அவர் ஒருவரைத்தான் நல்லவர் நல்லவர் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். இந்த முறை காரணமும் தெரிந்தது.

மலர் பள்ளியில் பரிசாக வாங்கி வந்த கவிதைப் புத்தகத்தையும் விடவில்லை. பக்கத்துக்கு நாலைந்து வரி, மீதி வெள்ளை. தாளை இப்படி வீணடிக்கிறார்களே என்றிருந்தது. அதில் ஒன்று, பஸ்ஸில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு போகிற பெண்ணைப் பற்றியது. அவளும் கோழியும் ஒரே ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள். அவ்வளவுதான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் திருப்பத் தோன்றவில்லை. அந்த வெள்ளை அதற்குத்தான் விட்டிருக்கிறார்கள் போல.

இப்போது நூலகத்தில் இருப்பது ஒரு சின்னப் பெண். "ஏன் ஆயா நாவல் பக்கமே போக மாட்டேங்கறீங்க? இத எடுத்துட்டுப் போங்க, நல்லாருக்கும்," என்று அவளாகவே கையில் வைத்ததுதான் இந்த நாவல்.

அணை கட்டும் வேலைக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை. அந்த அம்மாவின் வாய் இருக்கிறதே! அவள் மேஸ்திரியைத் திட்டும் இடத்தை மலரை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரு பையன். தண்ணீர் வந்தால் எறும்புகள் எங்கே போகும் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாதிப் புத்தகத்தில் அவனுக்குக் காய்ச்சல் வருகிறது.

மூடி வைத்துவிட்டேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் அந்த அம்மாவை விட மனமில்லை. படிக்கலாம் என்றால் கை போகவில்லை. புத்தகம் அலமாரியில் கிடந்தது. நான் அந்த அலமாரிப் பக்கம் போகாமல் வேலை பார்த்தேன். இப்படியே போனால் கதைப் புத்தகம் படிப்பது இதோடு சரி என்று தோன்றியது. கடைசியில் மலரைக் கூப்பிட்டேன்.

"நீ இதப் படிச்சிட்டு, பையன் பொழைச்சிக்கறானான்னு மட்டும் சொல்லு கண்ணு."

"இம்மாம் பெரிய புக்கா? இரு ஆயா." போனில் தேடினாள். யாரோ இதற்கு விமர்சனம் எழுதியிருக்கிறார். "செத்துடறான் ஆயா. அணைக்காக ஜனங்க எத எல்லாம் எழந்தாங்கன்றதுக்கு அவன் ஒரு குறியீடாம்."

"குறியீடுன்னா?"

"வேற ஒண்ணக் காட்டறதுக்கு வெக்கறது."

"காய்ச்சல்ல கெடக்கறவன் வேற எதடி காட்டறது?"

"என்னக் கேட்டா? இதுல போட்டிருக்குது. ஸ்டேப்ளர் வேணா அடிச்சித் தரட்டா?"

ஸ்டேப்ளர் வேண்டாம் என்று நானே ஊசி நூலை எடுத்தேன். மத்தியான வெயிலில் வாசலில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு நிழலில் உட்கார்ந்தேன். முதல் குத்து எங்கே என்று தெரியும். காய்ச்சல் தொடங்கும் பக்கம். கடைசிக் குத்து? அவன் பேச்சு எந்தப் பக்கத்தில் முடிகிறதோ அதுவரை சேர்த்துப் பிடித்துத் தைக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று படித்தால்தானே தெரியும்?

அப்போதுதான் உறைத்தது அக்கா. எனக்காகத் தைத்த ஒவ்வொரு முறையும் நீங்கள் அதை முழுக்கப் படித்திருக்கிறீர்கள். தொடங்கும் வரி, முடியும் வரி இரண்டையும் பார்த்துத்தான் ஊசி போட்டிருக்கிறீர்கள். நீங்களும் என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையில் நின்றவர்தான். உங்களுக்கு யாரும் முன்னால் படித்துத் தைத்துக் கொடுக்கவில்லை.

ஊசியை டப்பாவில் போட்டுவிட்டுப் படித்தேன். கொஞ்சம் பக்கங்கள்தான்.

அபிப்பிராயம் சொல்கிறேன். குறியீடு எதையும் நான் காணவில்லை, பையன்தான் இருக்கிறான். எழுதியவர் ஒப்பாரி வைக்கவில்லை. எல்லாம் முடிந்த சாயங்காலம் பக்கத்துக் குடிசைக்காரி கஞ்சி கொண்டு வருகிறாள். அம்மாவுக்குப் பசிக்கிறது. குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்கிறாள். சின்னவன் போன அன்றைக்கு எனக்கும் பசித்தது. அது எனக்கு மட்டும் வந்த பசி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். சேதி கேட்டு வந்த நீங்கள் தூக்குப் போசியில் கொண்டு வந்த கஞ்சியை எனக்கு இரண்டாம் முறையும் ஊற்றினீர்கள். அந்த இடத்தை எழுதியவருக்கு என் கும்பிடு. ஆனால் மறுநாளே அவளை மண் சுமக்க அனுப்பிவிடுகிறார். பிழைப்பு அப்படித்தான் என்று காட்ட நினைத்திருப்பார். எனக்கு ஒப்பவில்லை. கால் நகராது. நீங்கள் இருந்தால் இதற்கு ஒரு பஸ் போயிருக்கும்.

நீங்கள் தைத்தது தப்பு என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த நூல் இல்லாவிட்டால் நான் எந்தப் புத்தகத்தையும் தொட்டிருக்க மாட்டேன். இனிமேல் எதுவாக இருந்தாலும் எடுத்துப் படிப்பேன். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, அது இருக்கட்டும்.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. நஸ்ரினுக்குப் பையன் பிறந்ததிலிருந்து ரம்ஜானுக்கு ரம்ஜான் அவன் போட்டோ ஒன்று எனக்கு வந்துகொண்டிருந்தது. நாலு வயது வரை வந்தது. அடுத்த வருடம், அவனுக்கும் ஐந்து வயது ஆனபோது, கேட்டேன். "ஸ்டுடியோக்காரன் கடைய மூடிட்டான் சரசு," என்றீர்கள். அதற்கடுத்த ரம்ஜானுக்கும் அந்தக் கடை மூடியே இருந்தது. ஓசூரில் ஒரே ஒரு ஸ்டுடியோவா இருக்கும் என்று நானும் கேட்காமல் விட்டேன்.

நஸ்ரின், இனி உன்னிடம் கேட்கிறேன். அவனுக்கு இப்போது ஒன்பது நடக்கும் இல்லையா? புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், கையில் வைத்துப் பார்க்க வேண்டும். முகம் மட்டும் போதாது. தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி நிற்க வைத்து எடு. எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்கிறேன்.