நீலக் கோடு

ஆடி 9, ஞாயிறு.

மகள் கல்லூரிக்காக ரேடியோ கிட் பொருத்துகிறாள். ரெசிஸ்டர்கள் மேல் நிறக் கோடுகள் இருக்கும்; ஒவ்வொரு நிறமும் ஓர் எண். முதல் கோட்டின் நிறம் பார்த்து அவற்றைப் பிரித்துக் கொடுத்தேன். மயிலாப்பூர் மேட்சிங் சென்டரில் இருபது வருடமாகப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பச்சைக் குவியலில் ஒன்றை அவள் மீட்டர் வைத்து அளந்தாள். "இன்னாப்பா, இது நீலம். பச்சையில போட்டுக்கீறே."

"மீட்டர்ல பேட்டரி போயிருக்கும்" என்று கத்தினேன்.

புது பேட்டரி போட்டாள். அதே எண். அதே குவியலில் இன்னும் ஐந்தை அளந்தாள். ஐந்தும் நீலம்.

போன வாரம் ஓர் அம்மா, புடவை நீலம், துணி பச்சை என்று திருப்பிக்கொண்டு வந்தார். "வெயில்ல பாருங்கம்மா" என்று கடிந்து அனுப்பினேன்.

மகள் மீதியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

நாளை கடையில், இது என்ன நிறம் என்று யாரிடம் கேட்பேன்?